தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானத்தில் முதலில் எழுதுங்கள்

கேள்வி: காரைக்குடியின் விளிம்பில், கண்மாயை ஒட்டி எழுந்த புதுக் குடியிருப்பில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. 400 மீட்டர் மழைநீர் வடிகாலும் புதுத் தார்ச்சாலையும் கேட்டு வார்டு உறுப்பினர் மாமன்றத்தில் பொருள் வைக்கப் போகிறார். தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

உறுப்பினரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: அந்த 400-ஆவது மீட்டரில் தண்ணீர் எங்கே விழப் போகிறது? கண்மாயிலா, ஊருணியிலா, பக்கத்து ஊராட்சியின் ஓடையிலா? அங்கே மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும்? இதற்கு எண்ணோடு பதில் இல்லாவிட்டால் அந்த வடிகால் நீளமான ஒரு தொட்டியாகத்தான் முடியும். செட்டிநாட்டு ஊர்களில் வீணான வடிகால்களில் பெரும்பாலானவை கட்டுமானம் மோசமாக இருந்ததால் வீணானவை அல்ல. தலைமாட்டிலிருந்து, அதாவது மேட்டுப் பக்கத் தொடக்கத்திலிருந்து, கட்டத் தொடங்கி, பணம் தீர்ந்த இடத்தில் நின்றுபோனவை. தண்ணீர் போய் விழும் கடைவாயிலிருந்து மேல்நோக்கிக் கட்டியிருந்தால், பாதி வேலை முடிந்திருந்தாலும் அந்தப் பாதிக்காவது பலன் கிடைத்திருக்கும்.

நம் பக்கத்து வெள்ளம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு, விருசுழியாறு எல்லாம் மழை பெய்தால் ஓடும் ஆறுகள். ஆண்டு முழுக்கச் சேர்ந்தால் 900 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் இந்த வறண்ட சீமையில், தெருவுக்குள் தண்ணீர் வருவது ஆறு கரை உடைவதால் அல்ல. ஓடையும் வரத்துக்காலும் ஊருணிக்குப் போகும். ஊருணி நிறைந்தால் கண்மாய்க்கு. கண்மாய் நிறைந்தால், உபரித் தண்ணீர் வழிவதற்கான கல்கட்டான கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அடைபட்டதும், மேலே இருக்கிற தெரு நிறைகிறது. ஆக, உங்கள் ஊரின் வெள்ளச் சமவெளி என்பது கண்மாயின் உள்வாயும் (தண்ணீர் தேங்கும் உட்பக்கம்), கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடும் தடமும்தான். வெள்ளச் சமவெளிகளை மண்டலமாகப் பிரிப்பதற்கு மத்திய அரசு 1975-லேயே மாதிரி மசோதா அனுப்பியது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் கண்மாயின் முழு நீர்மட்டம், நிலத்தின் வகைப்பாடு, மனை அனுமதி ஆகிய மூன்றும்தான் இங்கே காப்பு.

பழைய செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். நேர்கோட்டுத் தெரு, உயர்ந்த அடித்தளம், ஓட்டுக்கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து தெரு வாய்க்கால் வழியாக ஊருணி சேரும் வழி என்று எல்லாம் ஒரே திட்டத்தின் பாகங்கள். கடலோரப் பூம்புகாரை விட்டு வந்தவர்கள் என்பது நகரத்தார் மரபு. வீட்டை ஏன் இவ்வளவு உயர்த்தினார்கள் என்பதற்குப் பெரியவர்கள் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் அந்தப் படிகள் இன்றைக்கும் ஓர் அளவுகோல். தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி இருந்த வீட்டில் இப்போது இரண்டு படிதான் தெரிகிறது என்றால், மீதி மூன்றும் சாலைக்குள் புதைந்திருக்கின்றன.

இனி மட்டக் கணக்கு. தீர்மானத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கண்மாயின் முழு நீர்மட்டம் என்பது கலுங்கின் மேல்மட்டம். கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது தண்ணீர் அந்த மட்டத்துக்கும் மேலே ஏறித்தான் வழியும். 10 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் 30 செ.மீ. உயரத்தில் தண்ணீர் வழிந்தால் வினாடிக்கு ஏறக்குறைய 2.8 கன மீட்டர் வெளியேறும். அதே கலுங்கில் பாதி நீளம் மண்மூட்டையாலோ கருவேல முள்ளாலோ அடைபட்டால், அதே அளவு தண்ணீர் வெளியேற மட்டம் 48 செ.மீ. வரை ஏற வேண்டும். அந்தக் கூடுதல் 18 செ.மீ. முழுவதும் உள்வாயை ஒட்டிய தெருக்களில்தான் வந்து நிற்கும். மீன்பாசி குத்தகை எடுத்தவர்கள் மீன் போகாமல் இருக்கக் கலுங்கில் வலை கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. வலையில் ஆகாயத்தாமரையும் சருகும் சிக்கினால் அது வலையாக இருக்காது, சுவராகிவிடும். குத்தகை நிபந்தனையிலேயே கலுங்கில் வலை, பலகை, மூட்டை எதுவும் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வெள்ளத் தடுப்பு வேலை இது. பழைய கலுங்குகளில் நட்ட கற்களுக்கு இடையே பலகை போட்டுத் தண்ணீரைக் கூட்டி நிறுத்தும் வழக்கம் உண்டு. அது மழை ஓயும் தருவாயில் செய்ய வேண்டியது. ஐப்பசியில் செய்தால் ஊருக்கு ஆபத்து.

உங்கள் வடிகாலுக்கு வருவோம். 400 மீட்டர் நீளத்துக்கு 400-க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அடிமட்டம் 1 மீட்டர் இறங்க வேண்டும். தெரு சமதளமாக இருந்தால், தொடக்கத்தில் 1 மீட்டர் ஆழமுள்ள வடிகால் முடிவில் 2 மீட்டர் ஆழமாகிவிடும். அந்த 2 மீட்டர் ஆழத்து அடிமட்டம் கண்மாயின் முழு நீர்மட்டத்துக்குக் கீழே போனால், கண்மாய் நிறைந்த நாளில் தண்ணீர் வடிகால் வழியே தெருவுக்குள் எதிர்த்து ஏறும். இப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு வழிதான். கலுங்குக்குக் கீழே, மறுகால் வாய்க்காலில் போய்ச் சேருமாறு வடிகாலைத் திருப்பலாம். இல்லையென்றால் கடைவாயில் ஒருவழிக் கதவு வைத்து, கூடவே மோட்டாருக்கும் ஏற்பாடு செய்யலாம். இரண்டாவது வழியைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். மழை இரவில் மின்சாரம் இருக்காது, டீசல் மோட்டாரை இயக்க ஆளும் கிடைக்காது.

மட்டம் எடுக்க ஆட்டோ லெவல் கருவியோடு ஒரு சர்வேயர் அரை நாளில் முடித்துவிடுவார். 15 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு பாலத்தின் அடிமட்டம், கலுங்கின் மேல்மட்டம், உங்கள் தெருவிலேயே தாழ்வான வீட்டு வாசல் ஆகிய எல்லாம் ஒரே அளவுக் குறியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் குழாயை வைத்தே நீங்களும் தோராயமாகச் சரிபார்க்கலாம். 100 மீட்டருக்கு 25 செ.மீ. இறக்கம் என்பது கண்ணுக்குத் தெரியாது, குழாயில் தெளிவாகத் தெரியும்.

அகலம், ஆழம்: "எல்லாத் தெருவுக்கும் இரண்டடிக்கு இரண்டடி" என்று மதிப்பீடு போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் தெரு வழியாக வடியும் பரப்பு 10 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் என்று வையுங்கள். வீடும் சாலையும் நிறைந்த இடத்தில் பெய்கிற மழையில் 70 விழுக்காடு ஓடிவரும். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை. 0.7-ஐ 60-ஆலும் 10-ஆலும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு 1.17 கன மீட்டர், சுமார் 41 கன அடி. 400-க்கு 1 சரிவில் 60 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள கான்கிரீட் வடிகால், மேலே 10 செ.மீ. விட்டு ஓடினால், 0.33 கன மீட்டர்தான் கொண்டுபோகும். தேவையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்றால், 15 செ.மீ. விட்டு, 1.31 கன மீட்டர் போகும். அது போதும். அதே வடிகாலில் 20 செ.மீ. மண் படிந்துவிட்டால் 0.93-ஆகக் குறைந்துவிடும், மறுபடியும் போதாது. சரிவு 400-க்கு 1 கிடைக்காமல் 1000-க்கு 1 தான் கிடைக்கிறது என்றால், மண் இல்லாமலேயே 0.83 தான். தூர் வாருவதற்கான ஆண்டுச் செலவு தீர்மானத்தில் இல்லாத வடிகால் இரண்டாவது மழையிலேயே போதாமல் போகும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. வேகம் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மண் தானாகப் படியும் என்பதையும் பொறியாளரிடம் நினைவுபடுத்துங்கள்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தொலைவுக்குப் போக வேண்டாம். காரைக்குடியிலேயே அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெரிய மதிப்பீடுகளை வெளிப்பார்வைக்கு அங்கே அனுப்ப மாமன்றம் தீர்மானிக்கலாம்.

கட்டும்போது நடக்கும் பிழைகளில் மிக அதிகமாகப் பார்ப்பது, வடிகால் சுவரின் தலை சாலையை விட உயர்ந்து நிற்பது. சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் நுழைய வழியே இருக்காது. வடிகால் காலியாக இருக்க, தெரு நிறைந்து நிற்கும். சாலை ஓரத்தில் 3 மீட்டருக்கு ஒரு நுழைவுத் துளையாவது வேண்டும். தெருவின் தாழ்ந்த புள்ளியில் கம்பிச் சட்டம் போட்ட பெரிய திறப்பு ஒன்று வேண்டும். அடுத்தது குறுக்கே போகும் பாலம்: 1 மீட்டர் அகல வடிகாலை 60 செ.மீ. குழாய்க்குள் திணித்தால், அந்தக் குழாயின் அளவுதான் முழு வடிகாலின் அளவு. குடிநீர்க் குழாயும் கேபிளும் வடிகாலின் நடுவே குறுக்காகப் போனால் ஒரு பாலித்தீன் பை போதும் அடைக்க. மூடிப் பலகைகளை ஓர் ஆள், இரண்டு ஆள் தூக்கும் எடையில் போடச் சொல்லுங்கள். முழுக்கச் சேர்த்து வார்த்துவிட்டால் தூர் வார முடியாது. வீட்டுக்கு முன்னால் கார் ஏறுவதற்கு அவரவர் போடும் சரிவு மேடை வடிகாலின் வாயை மூடிவிடும். அதற்கும் ஒரே மாதிரி வரைபடம் கொடுத்து, எல்லோரும் அப்படித்தான் போட வேண்டும் என்று தீர்மானத்திலேயே சேர்க்கலாம்.

இயற்கை ஓடை வருகிற இடத்தில் அடியையும் கான்கிரீட்டால் மூட அனுமதிக்காதீர்கள். கரைக்குக் கட்டலாம், அடியை விட்டுவிட வேண்டும். மேலே கெட்டியான செம்புறாங்கல் படிவம் உள்ள இந்த மண்ணில் தண்ணீர் இறங்கக் கிடைக்கும் வாய்ப்பே சில இடங்களில்தான். தன் சம்பை ஊற்றின் நிலத்தடித் தண்ணீரைப் பெருமையாகச் சொல்கிற ஊர், தண்ணீர் கீழே இறங்கும் வாயை மூடக்கூடாது.

சாலை பற்றி ஒன்றே ஒன்று. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். மதிப்பீட்டில் சுரண்டும் வேலைக்கு என்று தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சாலை உயரப் போகிறது, உங்கள் வீடு தாழப் போகிறது. வடிகால் முதலில், சாலை பிறகு என்ற வரிசையும் எழுத்தில் இருக்கட்டும்.

கண்மாய் யாருடையது என்று தெரியாமல் தீர்மானம் போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடம். அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணிகள் பெரும்பாலும் உள்ளாட்சியிடம், சில கோயில், அறக்கட்டளைகளிடமும். 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் உள்ளிட்ட ஊராட்சிகளும் சேர்ந்தன. தெரு மாநகராட்சிக்கு வந்த இடத்தில் கண்மாய் வேறு துறையிடம் இருக்கலாம். அந்தத் துறையின் தடையின்மைக் கடிதத்தைத் தீர்மானத்துக்கு முன்பே வாங்கி இணைப்பாக வைப்பதே முறை. தேவகோட்டை போன்ற நகராட்சியாக இருந்தாலும், கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சியாக இருந்தாலும் இதே வழிதான்.

உங்கள் குடியிருப்பே உள்வாயில் இருக்கிறதா என்பதையும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்த்துவிடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் பதிவேடு), கிராம வரைபடம், உங்கள் சர்வே எண்ணின் புலப்படம், நகர நில அளவை முடிந்திருந்தால் அந்தப் பதிவேடும் வேண்டும். நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தின் பதிவேட்டை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய பதிவேட்டில் 'ஓடை', 'வாய்க்கால்' என்றிருந்து பிறகு மாறிய எண்கள் உண்டு. கிடைக்கவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்கும்போது கலுங்கு மேல்மட்டம், முழு நீர்மட்டப் பரப்பு, நீர்வளத் துறை கொடுத்த வெள்ளப் பாதிப்பு தடையின்மைச் சான்றின் நகல் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "கண்மாய் பற்றிய விவரம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த விதிகளிலும் நீர்நிலை மேல் அமைந்த மனைக்கு இடமில்லை. எனவே புதிதாக மனை வாங்க வரும் சொந்தக்காரர்களுக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆக்கிரமிப்பு அகற்றுவதில் பொருந்தாத சட்டத்தைக் கையில் எடுத்து வழக்கு தோற்பது அடிக்கடி நடக்கிறது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் (இன்றைய நீர்வளத் துறையின்) பொறுப்பில் உள்ள ஏரி, கண்மாய்களுக்குத்தான். ஊருணிக்கும் ஒன்றியக் கண்மாய்க்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, முதலில் 7-ஆம் பிரிவு அறிவிப்பு, விளக்கம் கேட்டபின் 6-ஆம் பிரிவு ஆணை என்று போக வேண்டும். படிநிலையைத் தாண்டினால் தடையாணை வாங்கிவிடுவார்கள். வரத்துக்கால் மேல் குடிசை போட்டிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்ற வேண்டும் என்று தீர்மானத்தில் சேருங்கள். அது நியாயம், வேலை தடைபடாமல் நடப்பதற்கும் அதுவே வழி. வணிகக் கட்டடம் மறித்திருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் குடிசையை மட்டும் எடுப்பதை எந்த உறுப்பினரும் ஏற்கக் கூடாது.

தூர் வாரும் மண்ணுக்கு வழி இருக்கிறது. கண்மாய் வண்டலை விவசாயத்துக்கு எடுக்க வட்டாட்சியரிடம் அனுமதி பெறலாம். ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90 கன மீட்டர் வரை. எடுப்பவர்கள் கரையை ஒட்டித் தோண்டக் கூடாது, பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. கீழே போனால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு வெளியே வராது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள். வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டே இரண்டு மடங்காகத் தழைக்கும்.

ஊருணியில் வடிகாலைச் சேர்ப்பதாக இருந்தால், அதற்கு முன்னால் வடிகால் அடியிலிருந்து 60 செ.மீ. தாழ்வாக, 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள மண்படிவுத் தொட்டி ஒன்று வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு ஷட்டரும் வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்காமல் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடும் வீடுகளை முதலில் கணக்கெடுக்காமல் ஊருணியில் இணைக்கவே கூடாது.

காலக் கணக்கு: ஆடியில் ஒப்பந்தப்புள்ளி கோரி ஐப்பசியில் பள்ளம் தோண்டினால், அந்தப் பள்ளமே வெள்ளத்தைக் கூட்டும். மட்ட அளவை தையில், மாமன்றத் தீர்மானம் மாசிக்குள், தொழில்நுட்ப அனுமதி முடிந்து பங்குனியில் ஒப்பந்தப்புள்ளி. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். சித்திரை முதல் ஆடி வரை கட்டுமானம். ஆவணியில் தூர் வாரல். தீர்மானத்தின் வாசகத்தில், தொடக்க, முடிவுப் புள்ளிகளின் சர்வே எண்கள், இரு முனையின் அடிமட்டம், வினாடிக்கு எவ்வளவு கன மீட்டர், சேரும் நீர்நிலையின் பெயரும் முழு நீர்மட்டமும், எந்த நிதித் தலைப்பு, ஆண்டுப் பராமரிப்பு யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். "வார்டு எண் இன்னதில் மழைநீர் வடிகால் அமைக்க அனுமதி" என்ற ஒற்றை வரியில் எதையும் பின்னால் கேட்க முடியாது.

வேலை முடிந்ததும், இறுதிப் பட்டியல் தொகை வழங்குவதற்கு முன் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். 12,000 லிட்டர் லாரி ஒன்றைத் தலைமாட்டில் நிறுத்தித் திறந்துவிட்டு, தண்ணீரோடு கூடவே நடந்து வாருங்கள். அரை மணி கழித்து அடியில் குளமாக நிற்கும் இடங்களை எல்லாம் சுண்ணாம்பால் குறித்து, ஆழத்தை அளந்து, உதவிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ.க்கு மேல் நிற்கிற இடத்தை ஒப்பந்ததாரர் தன் செலவில் மட்டம் சரிசெய்த பிறகே முடிந்த வேலையைப் பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பகுதி ஏற வேண்டும்.